அவர் மறக்காத கட்டை

அந்தக் கட்டையை இன்றைக்கும் என்னால் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்ட முடியும். ஒரு முழ நீளம் இருக்கும். ஒரு பக்கம் ஒரு சாண் உயரம். அங்கிருந்து சரிந்து சரிந்து மறுபக்கம் விரல் தடிப்பில் முடியும். வயதான பலா மரத்தின் வைரம் பாய்ந்த அடிப்பகுதியில் செதுக்கியது. ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்திருக்க வேண்டும். நான் பார்த்த நாட்களில் மழையும் வெயிலும் தார்ச்சாலையும் தின்று கறுத்துப் போயிருந்தது. உயரமான பக்கத்தில் ஒரு துளை, அந்தத் துளையில் நீல நிற நைலான் கயிறு. மேட்டில் லொறியை நிறுத்தினால் பின்சக்கரத்துக்கு அடியில் இந்தக் கட்டையைக் கொடுப்பார்கள். புறப்படும்போது கயிற்றைப் பிடித்து இழுத்து எடுப்பார்கள். சக்கரத்தின் அடியில் யாரும் கையை விட்டுவிடக் கூடாது, அதற்காகத்தான் கயிறு. விறகு லொறி நிறைய மரம் இருக்கும். ஆனால் அதில் விற்கக் கூடாத மரம் அது ஒன்றுதான்.

அதை எரித்தது நான். கதையின் நடுவில் சொல்லி உங்களைத் திடுக்கிட வைக்கும் ஆசை எனக்கில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் கண்டி டவுனில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ஒரு கந்தோரில் கிளார்க். எங்கள் வீட்டுக் குசினியில் கேஸ் அடுப்பு இருந்தது. விறகு என்பது தைப்பொங்கலுக்கு முற்றத்தில் மூன்று கல் வைத்து எரிப்பது. படித்து, ஆசிரியையாகி, கடைசியில் கம்பளையில் விறகு லொறி வைத்திருப்பவருக்கு வாழ்க்கைப்பட்டேன். "டீச்சர் வேலை பார்த்து அலுத்துப்போய் விறகுக்குப் போயிட்டா" என்று என் சித்தி கலியாண வீட்டிலேயே எல்லோரும் கேட்கச் சொன்னாள். கணவர் சிரித்தார், நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்கு அது சிரிப்பாக இல்லை என்பதை யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. அவருடைய தொழில் கௌரவமான தொழில்தான். நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் வயதாகி வெட்டப்படும் யூகலிப்டஸ், நிழல் மரங்கள், கீழ்நாட்டுப் பக்கம் பால் வற்றிப்போன இறப்பர் மரங்கள், இவற்றை அனுமதி எடுத்து வாங்கி, அறுத்து, பிளந்து, உலர வைத்து, கண்டியிலும் பேராதனையிலும் உள்ள பேக்கரிகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் கொடுப்பார். ஆனால் பாடசாலையில் யாராவது "வீட்டுக்காரர் என்ன செய்றார்?" என்று கேட்டால் நான் "டிரான்ஸ்போர்ட்" என்று சொல்வேன்.

லொறியோடு சேர்த்து மாமனார் காலத்திலிருந்தே எங்களுக்கு வாய்த்தவர் கிளீனரண்ணன். கணவரைவிட எட்டுப் பத்து வயது மூத்தவர். கணவரைத் 'தம்பி' என்பார், என்னை 'டீச்சரம்மா' என்பார். கணவரும் அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். கிளீனர் என்று பேர், ஆனால் அவர் பார்க்காத வேலை அந்த லொறியில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் முற்றத்தைப் பார்க்க வேண்டும். லொறியைக் கழுவி முடித்து, பட்டைக் கம்பிகளுக்குக் கிரீஸ் அடித்து, பிரேக் ஓயிலைத் திறந்து பார்த்து, மரம் அறுக்கும் வாள் மெஷினின் சங்கிலியைப் பலகையில் இறுக்கி வைத்து, பல் பல்லாக உருண்டை அரத்தால் தீட்டுவார். ஒரு பல்லுக்கு மூன்று இழுப்பு. நாலாவது இழுப்பு ஒருபோதும் கிடையாது. கயிறுகளைச் சுருள் பிரித்து வெயிலில் போடுவார். லோடை மூடும் படங்கில் ஓட்டை இருந்தால் தைப்பார். கடைசியாக அந்தக் கட்டையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவுவார். "கட்டையில ஓயில் ஏறினா வழுக்கும். வழுக்குற கட்டையும் இல்லாத கட்டையும் ஒன்னுதான்" என்பார். கழுவியதை எங்கள் குசினியின் பின்சுவரில், அடுப்புச் சூடு வெளியே தெரியும் இடமாகப் பார்த்துச் சாய்த்து வைத்து, தூவானம் படாமல் ஒரு சாக்குத் துண்டால் மூடுவார். மறுநாள் காலை வண்டி கிளம்பும்போது எடுத்துக்கொள்வார்.

எழுதி வைக்கும் பழக்கம் அவரிடம் இல்லை. எல்லாம் தலைக்குள்ளேயே இருந்தது. எத்தனை கோடரி, எதன் காம்பு ஆடுகிறது, எந்தச் சக்கரத்து நட்டு எந்த மாதம் மாற்றியது, எந்தப் பேக்கரிக்காரருக்கு எத்தனை சாண் நீளத்தில் விறகு வெட்ட வேண்டும், எல்லாவற்றையும் ஒப்பிப்பார். கணவர் எதையாவது தேடினால், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அண்ணன் தலையைக்கூட நிமிர்த்தாமல் "ஸீட்டுக்கு அடியில, எடது பக்கம், பழைய ட்யூப்புக்குள்ள" என்பார். அங்கேதான் இருக்கும். நான் ஒரு தடவை வேடிக்கையாக, "அண்ணே, என் ஸ்கூல் ரெஜிஸ்டரை நீங்களே மனப்பாடம் பண்ணி வச்சிருங்க" என்றேன். "பேரைச் சொல்லுங்க டீச்சரம்மா, ஒருக்கா சொன்னா போதும்" என்றார். அவருக்கு வேறு பெருமை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. படிப்பில்லை, சொந்தக் காணியில்லை. தான் எதையும் மறக்காதவன் என்கிற அந்த ஒன்றுதான் அவர் சொத்து.

பிறகு நாடு முழுக்கக் கேஸ் இல்லாத அந்த மாதங்கள் வந்தன. யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. வெற்றுச் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வீதியோரம் வரிசையில் வைத்துவிட்டு மனிதர்கள் அதன் பக்கத்திலேயே குந்திக்கொண்டிருந்த காலம். கண்டியில் மாடி வீடுகளின் பல்கனியில்கூட அடுப்பு மூட்டினார்கள். விறகுக்கு வந்த மவுசைச் சொல்லி மாளாது. அதுவரை என்னிடம் "டிரான்ஸ்போர்ட்டா?" என்று கேட்டவர்கள், "டீச்சர், ஒரு கட்டு விறகு கிடைக்குமா?" என்று கேட்டார்கள். எல்லோருக்கும் காய்ந்த விறகு போனது. எங்கள் வீட்டுக்கு மிஞ்சியது ஈர விறகு. முற்றம் நிறைய விறகைக் குவித்து வைத்துக்கொண்டு, விறகுக்காரர் பெண்டாட்டியான நான் ஊதுகுழலோடு கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தேன். சீலையிலும் தலைமயிரிலும் புகை நாற்றம். வகுப்பில் ஒரு பிள்ளை மூக்கைச் சுருக்கிக்கொண்டதை நான் பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து ஆத்திரம் எனக்குள் ஏறிக்கொண்டே இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் குற்றத்தை நானே குறைத்துச் சொன்னதாகிவிடும். அந்த மாதங்களில் வாகனச் சாமான்களும் கிடைக்கவில்லை. லொறியின் ஹேண்ட் பிரேக் தேய்ந்துவிட்டது. கராஜ் பாஸ் கையை விரித்துவிட்டார். "ஹேண்ட் பிரேக் சும்மா பேருக்குத்தான் இருக்கு. இப்ப நமக்குக் கட்டைதான் பிரேக்" என்று கணவர் சாப்பிடும்போது சொன்னார். அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே அதை நான் கேட்டேன். எனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மூன்று நாளாக விடாத தூறல். மறுநாள் கண்டியில் ஒரு பேக்கரிக்குப் போக வேண்டிய லோடை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நல்ல இறப்பர் விறகு, தட்டினால் ஓசை வரும் அளவுக்குக் காய்ந்தது. "அதில பத்துக் கட்டை எனக்குப் போட்டுட்டுப் போங்க, பிள்ளைக்குப் பால் காய்ச்ச முடியல" என்றேன். கணவர் படங்கை இழுத்துக் கட்டிக்கொண்டே, "சொன்ன லோடு சொன்னபடி போகணும், தொடாத" என்றார். கிளீனரண்ணன் முன்னால் அப்படிச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணன் எதுவும் காதில் விழாதது போலக் கட்டையைச் சுவரில் சாய்த்து, சாக்கைப் போட்டு மூடிக்கொண்டிருந்தார். போகும்போது, "நாளைக்கு வரும்போது தோட்டத்துப் பக்கமிருந்து காஞ்ச சுள்ளி பொறுக்கிட்டு வாறேன் டீச்சரம்மா" என்று மெதுவாகச் சொன்னார். நான் பின்கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலை அடுப்பு பற்றவில்லை. பழைய கொப்பியைக் கிழித்துப் போட்டேன், தேங்காய் மட்டையைப் போட்டேன், புகைதான் வந்தது. மகள் பாலுக்கு அழுதாள். கணவர் உள்ளேயிருந்து, "டீ என்னாச்சு?" என்றார். பின்கதவைத் திறந்தேன். சாக்குத் துண்டைத் தூக்கினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்றைக்குப் புத்தி மட்டாக இருக்கவில்லை, அதுதான் வெட்கம். அது என்ன கட்டை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. 'முற்றம் முழுக்க மரம், இன்னொன்று செதுக்க எவ்வளவு நேரம் ஆகும்? செதுக்கட்டும்' என்று எண்ணினேன். கயிற்று முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். இருட்டில் விறகென்று நினைத்து எடுத்தேன் என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். விறகென்று நினைத்தவள் கயிற்றை ஏன் அவிழ்க்கிறாள்? கைக்கோடரியால் நாலாகப் பிளந்தேன். கறுத்த தோலுக்குள்ளே பலா இன்னும் மஞ்சளாகவே இருந்தது. புகையில்லாமல், நீல நுனியோடு எரிந்தது.

அந்த நெருப்பில் கொதித்த தண்ணீரில்தான் தேநீர் ஊற்றினேன். கிளீனரண்ணன் வந்து குசினி வாசலில் நின்றபடி கோப்பையை வாங்கினார். ஒரு மிடறு குடித்துவிட்டு, "இன்னைக்கு டீ நல்லா இருக்கு டீச்சரம்மா. புகை வாசமே இல்ல" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து, டவுனில் டீசல் வந்திருப்பதாக யாரோ கணவருக்குக் கோல் எடுத்தார்கள். "அண்ணே, ஏறுங்க ஏறுங்க, போலிம வரிசை நீளுறதுக்குள்ள போவோம்" என்று அவர் கத்தினார். அண்ணன் கோப்பையை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்ததையும் நான் ஜன்னல் வழியாகக் கண்டேன். ஒரு நொடி நின்றார். சாக்கு கீழே கிடந்தது, கட்டை இல்லை. தலையைச் சொறிந்தார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர் போலத் தலையை ஆட்டிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டார். வைத்த இடத்தில் இல்லை, அப்படியானால் தானே லொறியில் ஏற்றிவிட்டோம் என்று அவர் எண்ணியிருக்கிறார். தன் ஞாபகத்தில் அவ்வளவு நம்பிக்கை. கட்டையை நான் எரித்துவிட்டேன் என்று ஜன்னலைத் திறந்து ஒரு வார்த்தை கத்தினால் போதும். கணவரோடு முகம் கொடுத்துப் பேசக் கூடாது என்று அன்றைக்கு நான் வைராக்கியமாக இருந்தேன். லொறி போய்விட்டது.

நடந்ததைக் கணவர் சொல்லித்தான் கேட்டேன். பேக்கரி, கண்டியில் ஒரு குறுகிய மேட்டு வீதியில் இருந்தது. பாதி மேட்டில் நிறுத்தி, காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டு, "கட்டையைப் போடுங்கண்ணே" என்று குரல் கொடுத்திருக்கிறார். அண்ணன் இறங்கிப் போய்த் தேடியிருக்கிறார். ஸீட்டுக்கு அடியில் இல்லை, பின்பலகையில் இல்லை. பின்னால் வாகனங்கள் ஹோன் அடிக்கத் தொடங்கிவிட்டன. லோடிலிருந்தே ஒரு விறகுக் கட்டையை உருவி சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டு, "சரி தம்பி" என்றிருக்கிறார். கணவர் காலை எடுத்தார். பிளக்காத உருளை விறகு, சாலை ஈரம். லொறி பின்னால் நகர்ந்தது. சறுக்கிய விறகை அண்ணன் காலால் உதைத்துத் திரும்பவும் உள்ளே தள்ளப் பார்த்தார். கயிறு கட்டிய கட்டையாக இருந்திருந்தால் அவருடைய கால் அங்கே போயிருக்கத் தேவையே இல்லை.

வலது பாதத்தின் முன்பாதியைப் பெரியாஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் பின்னேரம் சூப் காய்ச்சி பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு கணவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணனின் மனைவி, அக்கா என்று நான் கூப்பிடுபவர், கட்டிலின் தலைமாட்டில் நின்றார். அழுது முடித்த முகம். கணவருக்குப் பயமும் துக்கமும் சேர்ந்து கோபமாகத்தான் வெளியே வந்தது. "கட்டைய எங்கண்ணே வச்சீங்க? எங்க வச்சீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வார்டில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் கண்ணை மூடி மூடி யோசித்தார். "சுவத்துல சாத்தினேன் தம்பி. சாக்கு போட்ட மாதிரி இருக்கு. காலையில பார்த்தேன், இல்ல. அப்ப ஏத்திட்டேன்னுதான் நெனச்சேன்." கணவர் என் பக்கம் திரும்பி, "நீ பார்த்தியா? பின்பக்கம் கட்டை இருந்துச்சா?" என்றார். நான் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே, "இல்லையே, நான் பார்க்கல" என்றேன். அண்ணன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு, "அப்ப நான் வைக்கவே இல்ல போல" என்றார்.

ஒரு மனிதர் தன்னிடமிருந்த ஒரே சொத்தை என் கண் முன்னாலேயே கை கழுவியதை நான் பார்த்தேன். அவருக்கு நான் சூப்பை ஊற்றிக் கொடுத்தேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை நான் வகுப்பில் பலதடவை பிள்ளைகளுக்கு விளக்கியிருக்கிறேன். அதற்கு உதாரணமாக அன்றைக்கு நானே நின்றேன். வீட்டுக்கு வந்ததும் குசினிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்த நீலக் கயிற்றை எடுத்து, கடைக்குப் போகும் விறகுக் கட்டொன்றைச் சுற்றிக் கட்டி அனுப்பிவிட்டேன்.

கணவர் அவரைக் கைவிடவில்லை. வீட்டுக்கு வேண்டியதைப் பார்த்துக்கொண்டார். கால் ஆறியதும் முற்றத்தில் உட்கார்ந்து வாள் தீட்டும் வேலைக்காவது வரச் சொன்னார். அண்ணன்தான் வர மாட்டேன் என்றார். "சங்கிலிய இறுக்க மறந்துட்டா வெட்டுறவன் கழுத்துக்கு வந்துரும் தம்பி. எனக்கு இனி இதெல்லாம் சரிவராது." அதற்குப் பிறகு அவர் தன்னையே நம்பவில்லை. வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாராம். பஸ்ஸில் ஏறியவர், குடையை மறந்துவிட்டோமோ என்று பாதியில் இறங்கிவிடுவாராம். குடை கையிலேயே இருக்குமாம். அடுப்பை அணைக்க மறந்துவிடுவார் என்று பயந்து, அக்கா அவரை தேநீருக்கு ஒரு கேத்தல் வைக்கவும் விடுவதில்லை. அவர்கள் குடியிருக்கும் ஒழுங்கையின் முனையில் இருக்கும் கடையில், விந்தி விந்தி வரும் அவரைப் பார்த்து, "என்னாண்ணே, மிச்சக் காலை வீட்டுலேயே மறந்துட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்பார்களாம். அவரும் சேர்ந்து சிரிப்பாராம். இதையெல்லாம் கணவர் வருத்தத்தோடு வந்து சொல்வார். "எப்படி இருந்த மனுசன்! ஒரு கட்டை, எல்லாம் போச்சு" என்பார். நான் ஏதாவது ஒரு பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருப்பேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று சொல்வார்கள். முடிகிறது. மேலே மேலே சோற்றைப் போட்டுக்கொண்டே இருந்தால் வருடக்கணக்கில் மறைக்கலாம். நான் போட்ட சோறு என்னவென்றால், தீபாவளிக்கு அவர்களுக்கு உடுப்பு, அவருடைய மகனுக்கு இலவசமாகக் கணக்குப் பாடம், அக்காவுக்கு ஒரு தையல் மெஷின். "டீச்சரைப் போல மனசு யாருக்கு வரும்?" என்று அக்கா ஊரெல்லாம் சொன்னார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது அந்தப் புகழ்ச்சியைக் கேட்கும்போதுதான் உறைக்கும்.

இந்த வருடம் எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில், காலையில் வகுப்பறைகளைத் திறந்து பின்னேரம் பூட்டவும், சாவிகளைப் பொறுப்பாக வைத்திருக்கவும் ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். உட்கார்ந்து பார்க்கும் வேலை. நான் அண்ணனின் பெயரைச் சொன்னேன், எல்லோரும் சம்மதித்தார்கள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் சந்தோஷமாக ஆட்டோ பிடித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். எனக்கு ஒரு கதிரையைப் போட்டு, அண்ணன் படியில் உட்கார்ந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் அவர் முகத்தில் ஆசை வந்ததைப் பார்த்தேன். பிறகு அது போய்விட்டது.

"வேணாம் டீச்சரம்மா. சாவியெல்லாம் என்கிட்ட குடுக்காதீங்க. பிள்ளைங்க இருக்குற எடம். உள்ளுக்கு ஒரு பிள்ளை இருக்குறத மறந்துட்டுப் பூட்டிட்டேன்னா? உங்க பேரும் கெட்டுப்போயிரும்."

"நீங்க மறக்க மாட்டீங்கண்ணே."

"அந்தக் கட்டைய மறந்தவன்தானே நான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அதற்கு மேல் என்னால் அந்தக் கதிரையில் உட்கார முடியவில்லை. எழுந்து நின்று சொன்னேன். பாடம் ஒப்புவிப்பவளைப் போல, எங்கே தொடங்குவது என்று தெரியாமல், "நீங்க மறக்கல. கட்டைய நான்தான் எரிச்சேன்" என்றேன். உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அண்ணன் என் முகத்தையே பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"எங்க இருந்து எடுத்தீங்க?"

"குசினிக்குப் பின்னால. சுவத்துல சாத்தியிருந்துச்சு."

"சாக்கு?"

"போட்டு மூடியிருந்துச்சு."

"கயிறு?"

"அவிழ்த்துட்டுத்தான் எரிச்சேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு படியைப் பிடித்து எழும்பி, "ஏய், கேட்டியா! நான் வச்சிருக்கேன்டி! சாத்தி, சாக்கு போட்டு வச்சிருக்கேன்!" என்று கத்தினார். அக்கா வாசலுக்கு வந்தார். அண்ணன் சிரித்தார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. தன் காலை அவர் ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. அக்கா பார்த்தார். அந்தக் காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஒரு கேத்தல் வைக்க விடாம வச்சிருந்தேனே டீச்சர் இந்த மனுசன" என்றார். பிறகு உள்ளே போய்விட்டார். தையல் மெஷின் திரும்ப ஓடவில்லை.

"வாங்க டீச்சரம்மா" என்று அண்ணன் என் கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டார். விந்தி விந்தி முன்னால் நடந்தார். பக்கத்து வீட்டு வாசலில் நின்று, "கொஞ்சம் வெளிய வாங்க, டீச்சர் ஒரு விசயம் சொல்ல வந்திருக்காங்க" என்றார். சொன்னேன். அடுத்த வீட்டிலும் சொன்னேன். ஒழுங்கை முனைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெஞ்சில் நாலைந்து பேர் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் நின்று, சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, சுவர், சாக்கு, கயிறு, அடுப்பு என்று முதலிலிருந்து சொன்னேன். எதையாவது விட்டுவிட்டால் அண்ணன் பக்கத்திலிருந்து, "சாக்கு மூடியிருந்தத சொல்லுங்க" என்று எடுத்துக் கொடுத்தார். என்னைப் பழிவாங்க வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் துளியும் இல்லை. தான் வைத்திருந்தது எல்லோருக்கும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கூசிக் குறுகி நின்ற எனக்கு அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. கடைக்காரர் என்னைப் பார்க்காமல் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இனித் தம்பிகிட்ட" என்றார் அண்ணன். ஆட்டோவில் அவரே முதலில் ஏறி உட்கார்ந்தார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். பழைய லொறியின் எந்தச் சக்கரத்தில் எத்தனையாவது நட்டுக்கு மரை தேய்ந்திருந்தது, மாமனார் எந்தப் பொங்கலுக்கு அவருக்கு என்ன நிறச் சட்டை வாங்கிக் கொடுத்தார், எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் புகுந்து விளக்குப் போட்டுப் பார்ப்பவரைப் போல இருந்தார். நான் கணவரின் முகத்தை நினைத்துக்கொண்டு வந்தேன்.

கணவர் லொறிக்கு அடியில் படுத்துக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார். அண்ணனின் குரலைக் கேட்டதும் அவசரமாக நகர்ந்து வெளியே வந்தார். இத்தனை வருடத்தில் அண்ணன் அந்த முற்றத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. "வாங்கண்ணே, உட்காருங்கண்ணே" என்று கதிரை தேடினார். "உட்கார வரல தம்பி. டீச்சரம்மா ஒன்னு சொல்வாங்க, கேளுங்க" என்றார் அண்ணன், பல் தெரியச் சிரித்துக்கொண்டு.

அன்றைக்கு ஐந்தாவது தடவையாகச் சொன்னேன்.  கிரீஸ் பட்ட கையைக் கணவர் துணியில் விரல் விரலாகத் துடைத்தார். முடித்ததும், "ஆஸ்பத்திரியில நான் உன்கிட்ட கேட்டேனே" என்றார். கத்தவில்லை. "கட்டிலுக்குப் பக்கத்துல வச்சுக் கேட்டேனே."

"கேட்டீங்க" என்றேன்.

அப்போதுதான் அண்ணனின் சிரிப்பு நின்றது. கண்ணைச் சுருக்கி, எங்கேயோ தூரத்தில் இருப்பதைத் தேடி எடுப்பவர் போல என்னைப் பார்த்தார். தன் ஞாபகத்தை அவர் இனிச் சந்தேகப்படத் தேவையில்லை.

"ஆமா" என்றார் மெதுவாக. "பிளாஸ்க் மூடியத் திருகிக்கிட்டே, இல்லைன்னு சொன்னீங்க டீச்சரம்மா."